சிரிக்கிறாரா, அழுகிறாரா? தலைமுறைகளுக்கு நடுவே எமோஜி குழப்பங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறோம். அம்மாவுக்கு 75 வயது, எனக்கு 48, மகளுக்கு 19. அம்மா அனுப்பும் படத்துக்கு மகள் ஒரு அர்த்தம் எடுப்பாள். மகள் அனுப்புவதற்கு அம்மா வேறொரு அர்த்தம் எடுப்பார். அப்புறம் இரண்டு பக்கமிருந்தும் எனக்குப் போன் வரும். இப்படிப் பதில் சொல்லிச் சொல்லிச் சேர்ந்த கேள்விகளோடு, நண்பர்கள் தங்கள் வீட்டில் நடந்ததாகச் சொல்லிக் கேட்டவற்றையும் சேர்த்திருக்கிறேன். பெரியவர்கள் கேட்டவையும் இருக்கின்றன, பிள்ளைகள் கேட்டவையும் இருக்கின்றன.

நான் 👍 போட்டால் மகள் "கோபமா அப்பா?" என்று கேட்கிறாள். சரி என்றுதானே சொன்னேன்?

சரி என்றுதான் சொன்னீர்கள். அவள் காதில் அது "ம்" என்று விழுந்திருக்கிறது.

ஒரு "சரி"யை நாம் எத்தனை விதமாகச் சொல்கிறோம் பாருங்கள். சரிம்மா, சரிப்பா, சரிடா, சரிங்க, சரி சரி, சரி விடு. "சரி" எல்லாவற்றிலும் ஒன்றுதான். பின்னால் ஒட்டிக்கொள்ளும் அந்த "ம்மா"வும் "ங்க"வும்தான் பாசமா, மரியாதையா, சலிப்பா என்று காட்டிக்கொடுக்கின்றன. கட்டைவிரல் படத்துக்கு அந்த ஒட்டு கிடையாது. அனுப்புகிறவர் மனதில் இருக்கும், திரைக்கு வந்து சேராது. படிக்கிறவர் தனக்குப் பழக்கமான ஒட்டைத் தானே சேர்த்துப் படித்துக்கொள்வார். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் குழப்பங்கள் பெரும்பாலும் இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

உங்கள் வயதுக்காரர்களுக்குக் கட்டைவிரல் என்றால் "சரிம்மா, பார்த்து வா". நாள் முழுக்க மெசேஜிலேயே பேசிப் பழகிய பிள்ளைகளுக்கு அது, பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ள நினைக்கிறவர் போடும் படம். அவர்கள் நண்பர்களுக்குள் மனஸ்தாபம் வந்தால் ஒற்றைக் கட்டைவிரலோடு உரையாடல் நின்றுபோகும். அந்த அனுபவத்தோடுதான் உங்கள் விரலையும் பார்க்கிறாள். "சரிம்மா 👍" என்று ஒரு சொல்லைக் கூடத் தட்டிவிடுங்கள். அவள் கேட்பதும் நின்றுவிடும், நீங்கள் விளக்குவதும் நின்றுவிடும்.

எமோஜிக்கு என்று ஒரு சரியான அர்த்தத்தை யாரும் தீர்மானிக்கவில்லையா?

பெயரைத் தீர்மானிக்க ஆள் இருக்கிறது, அர்த்தத்துக்கு இல்லை.

எமோஜி ஜப்பானியச் சொல். "எ" என்றால் படம், "மோஜி" என்றால் எழுத்து. உணர்ச்சியைக் குறிக்கும் "எமோஷன்" என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் உறவில்லை, ஒலி ஒத்துப்போனது தற்செயல். 1999ல் என்டிடி டோகோமோ நிறுவனத்தின் கைப்பேசிச் சேவைக்காக ஷிகேதகா குரிதா என்பவர் 176 படங்களை உருவாக்கினார். ஒவ்வொன்றும் 12க்கு 12 புள்ளிகள் கொண்ட சின்னக் கட்டத்துக்குள் அடங்கியது. அவை இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. தமிழ் உட்பட உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு, 2010ல் எமோஜிகளையும் நூற்றுக்கணக்கில் சேர்த்துக்கொண்டது. அதற்கு அடுத்த சில ஆண்டுகளில்தான் அவை நம் எல்லோருடைய போனுக்கும் வந்து சேர்ந்தன. இன்று 3,700க்கும் மேற்பட்டவை இருக்கின்றன.

யூனிகோடு ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண்ணும் ஒரு பெயரும் கொடுக்கிறது, அத்தோடு சரி. அந்தப் பெயரும் எல்லா நேரமும் உதவாது. மூக்கிலிருந்து புகை விடும் 😤 முகத்தைக் கோபம் என்றுதான் நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். யூனிகோடு வைத்த பெயரின் பொருளோ வெற்றிக்களிப்பு. மூக்கருகே துளி தொங்கும் 😪 அழுகை மாதிரி இருக்கும், ஆனால் அதன் பெயர் தூக்க முகம். தூங்குகிறவரின் மூக்கில் ஒரு குமிழி வரைவது ஜப்பானியச் சித்திரக்கதைகளின் வழக்கம். அதைப் பார்த்துப் பழகாத நமக்கு அது கண்ணீராகத்தான் தெரியும்.

துக்கச் செய்திக்கு எங்கள் பெரியம்மா 😂 போட்டுவிட்டார். குரூப்பே அதிர்ந்துபோய்விட்டது. அவருக்கு என்ன ஆயிற்று?

ஒன்றும் ஆகவில்லை. அவர் அழுதிருக்கிறார்.

இது எங்கள் வீட்டிலும் நடந்தது, நான் பக்கத்தில் இருந்தபோதே நடந்தது. அம்மாவின் ஐம்பது வருடத் தோழி இறந்துபோன செய்தியை அவருடைய மகன் குரூப்பில் போட்டிருந்தார். அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தொட்டார். ஆறு முகங்கள். அனுப்பிவிட்டுப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். ஐந்து நிமிடத்துக்குள் என் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. "அத்தை என்ன இப்படிப் போட்டிருக்காங்க?" என்று.

அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தேன். அவர் பிடிக்கிற தூரத்திலிருந்து பார்த்தால் அந்தப் படத்தில் தெரிவது இரண்டே விஷயங்கள்: மஞ்சள் வட்டம், இரண்டு பக்கமும் நீலத் துளிகள். சிரிக்கிற வாய் மங்கலாகிவிடுகிறது. கண்ணீர் தெரிந்தால் அழுகை, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, அதிகம் பயன்படுத்தும் படங்களை போன் முதல் வரிசையில் கொண்டுவந்து வைக்கும். பேத்தி அனுப்பும் வேடிக்கைக்கெல்லாம் அம்மா தினமும் 😂 போடுவதால் அதுதான் முதல் இடத்தில் இருந்தது. அழுகிற முகத்தைத் தேடிய விரல், கண்ணீரோடு முதலில் கண்ணில் பட்ட முகத்தைத் தொட்டுவிட்டது.

அந்தப் படத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் "ஆனந்தக் கண்ணீர் விடும் முகம்" என்ற பொருளில் வரும். 2015ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியினர் ஆண்டின் சிறந்த சொல்லாக இந்தப் படத்தையே தேர்ந்தெடுத்தார்கள். அந்த அளவுக்குப் புழக்கத்தில் இருப்பது. ஆனால் புகழ்பெற்ற படம் என்பதால் எல்லார் கண்ணுக்கும் ஒரே மாதிரி தெரிந்துவிடாது.

குரூப்பில் இருக்கும் மற்றவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அந்த மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு குரூப்பில் போட்டுச் சிரிக்காதீர்கள். குரூப்பிலேயே எல்லோர் முன்னாலும் திருத்தவும் வேண்டாம். உறவில் நெருக்கமான ஒருவர் அவருக்கு மட்டும் போன் செய்து மெதுவாகச் சொன்னால் போதும். துக்கத்தில் இருக்கும் வீட்டுக்கும் ஒருவர் தனியாகச் சொல்லிவிட வேண்டும். அன்று அம்மா என்ன செய்தார் என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

பெரியவர்களுக்கு: துக்கத்துக்குப் படமே வேண்டாம். "மனசு ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று நான்கு சொல் போதும். எழுதக் கை வரவில்லை என்றால் மைக்கை அழுத்திக் குரலில் சொல்லுங்கள். போன் செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டால் மெசேஜ் படிக்கவும் சுலபமாக இருக்கும். இதை வீட்டுப் பிள்ளை ஒருவர் உட்கார்ந்து செய்துகொடுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

பேத்தி எனக்கு மண்டை ஓடு அனுப்புகிறாள். பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள், அது பாராட்டு. 💀 என்றால் "சிரிச்சுச் சிரிச்சே செத்துட்டேன்" என்று அர்த்தம். நாமும் வாயால் அப்படித்தானே சொல்கிறோம்? பிள்ளைகள் அதையே படமாகப் போடுகிறார்கள்.

ஆனால் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அம்மா ஒருமுறை, பூனை ஒன்று தன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையை மூன்று நிமிடக் குரல் செய்தியாகப் பேத்திக்கு அனுப்பினார். பதிலுக்கு வந்தது இரண்டு மண்டை ஓடு. இரவு பத்தரை மணிக்கு என்னைக் கூப்பிட்டு, "பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். வயதானவர்களுக்கு மரணம் தூரத்தில் இருக்கும் விஷயம் இல்லை. அந்தப் படத்தை வேடிக்கையாகப் பார்க்க அவர்களால் எளிதில் முடியாது. மகளிடம் இதைச் சொன்னபோது அவள் முகம் வாடிவிட்டது. அன்றிலிருந்து பாட்டிக்கு மட்டும் "ஹாஹாஹா பாட்டி" என்று எழுத்திலேயே அனுப்புகிறாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

😭 இது அழுகைதானே? இதையும் சிரிப்புக்குப் போடுகிறார்களே?

இளையவர்கள் இரண்டுக்கும் போடுவார்கள். கண்ணீர் ஆறாக ஓடும் இந்த முகத்தின் பெயர் என்னவோ உரக்க அழும் முகம்தான். ஆனால் "முடியல, தாங்க முடியல" என்று நாம் சொல்லும் இடமெல்லாம் அவர்களுக்கு இது பொருந்தும். தாங்க முடியாத சிரிப்பு, தாங்க முடியாத அழகு, தாங்க முடியாத பாசம் எல்லாவற்றுக்கும் ஒரே படம். 2021ல் ட்விட்டரில் அதிகம் பயன்பட்ட எமோஜி என்ற இடத்தை 😂 படத்திடமிருந்து இது பிடித்துக்கொண்டது. சிரிப்புக்கு 😂 போடுவது பெரியவர்கள் பழக்கம் என்று பிள்ளைகளில் பலர் நினைக்க ஆரம்பித்ததும் அந்தக் காலத்தில்தான்.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மேலே உள்ள மெசேஜைப் பாருங்கள். அங்கே வேடிக்கை இருந்தால் இது சிரிப்பு. அங்கே வேடிக்கை எதுவும் இல்லாமல், தானாக இந்தப் படத்தோடு ஒரு பிள்ளை பேச்சை ஆரம்பித்தால், போன் செய்து கேட்டுவிடுங்கள்.

அன்பாக 🙂 போட்டேன். கிண்டல் செய்கிறேன் என்கிறார்கள்.

இருப்பதிலேயே அநியாயமாகத் தண்டிக்கப்படும் முகம் இதுதான் என்பேன். பெரியவர்களுக்கு இது அடக்கமான, மரியாதையான புன்னகை. பிள்ளைகளுக்கு இது உதட்டில் மட்டும் இருக்கும் சிரிப்பு. கண்ணைப் பாருங்கள், அசையவே இல்லை. உண்மையாகச் சிரிக்கும் முகங்களில் கண்ணும் சுருங்கி வளைந்திருக்கும்: 😊 இப்படி. உள்ளுக்குள் எரிச்சலை வைத்துக்கொண்டு வெளியே "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்கிறவரின் முகம் என்று இதைப் படிக்கிறார்கள். சீனாவில் வீசாட் என்ற மெசேஜ் செயலியைப் பயன்படுத்தும் இளையவர்களும் புன்னகை முகத்தை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கும் பெற்றோர் அதை நல்லெண்ணத்தோடு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆக, இது ஒரு மொழிக்கோ ஊருக்கோ உரிய சிக்கல் இல்லை.

கன்னம் சிவந்த 😊 அல்லது பல் தெரியச் சிரிக்கும் 😄 போட்டால் எந்த வயதுக்காரரும் அநேகமாகத் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

எமோஜியே போடாமல் ஒழுங்காக எழுதினாலும் கோபம் என்கிறார்களே?

முற்றுப்புள்ளி வைத்தீர்களா? "சரி" என்பதற்கும் "சரி." என்பதற்கும் பிள்ளைகள் பெரிய வித்தியாசம் பார்க்கிறார்கள். மெசேஜில் ஒரு செய்தியை அனுப்பினாலே வாக்கியம் முடிந்ததாகத்தான் அர்த்தம். அதற்கு மேலும் புள்ளி வைத்தால் வேண்டுமென்றே குரலை இறுக்கிச் சொல்வதாகப் படுகிறது. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 2015ல் வெளியானது. ஒரு சொல் பதிலின் முடிவில் புள்ளி இருந்தால் அதில் உண்மையான ஈடுபாடு குறைவாக இருப்பதாக மாணவர்கள் மதிப்பிட்டார்கள். அதே பதிலைக் கையெழுத்துக் குறிப்பாகக் காட்டியபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்தது மூன்று புள்ளி. "வந்துட்டேன்... சாப்பிட்டாச்சு... நீ எப்ப வர..." என்று அம்மா எழுதுவார். அவருக்கு அது மூச்சு விடும் இடம், ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழி. மகளுக்கு அது "சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார்" என்ற குறி. "நல்லா இருக்கேன்..." என்று அம்மா எழுதினால், பேத்தி பதறிப்போய் "என்ன பாட்டி ஆச்சு?" என்று கேட்பாள். கடிதமும் வாழ்த்து அட்டையும் எழுதிப் பழகிய கையில் அந்தப் புள்ளிகள் இயல்பாக விழுந்துவிடும். பிள்ளைகளே, பெரியவர்கள் எழுதும் மூன்று புள்ளிகளைக் காற்புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் கவலை தீரும்.

🙏 இது வணக்கமா, நன்றியா, வேண்டுகோளா?

மூன்றும்தான். யூனிகோடு பெயர் கைகளைக் கூப்பியவர் என்ற பொருளில் இருக்கிறது. ஜப்பானில் "தயவுசெய்து" என்றும் "நன்றி" என்றும் சொல்ல இந்தப் படம் பயன்படும். இரண்டு பேர் உள்ளங்கையைத் தட்டிக்கொள்வது என்று நினைத்து வெற்றிக்கு இதைப் போடுகிறவர்களும் உலகில் இருக்கிறார்கள். நம் குடும்பங்களில் வரும் சிக்கல் வேறு. பேச்சு சூடாகும்போது "போதும், ஆளை விடு" என்ற பொருளிலும் இதைப் போடுகிறோம். மரியாதைக்குப் போடுவதாக இருந்தால் கூடவே "நன்றிங்க" என்று எழுதிவிடுவது நல்லது.

சிவப்பு இதயம் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாமா?

அம்மா எல்லோருக்கும் அனுப்புகிறார். மருந்து கொண்டுவந்து கொடுப்பவருக்குக்கூட ❤️ போடுவார். அவரைப் பொறுத்தவரை அது "நல்லா இருப்பா". இளையவர்களில் பலர் சிவப்பைக் காதலுக்கும் மிக நெருங்கிய உறவுக்கும் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். நண்பர்களுக்கு மஞ்சள், வெள்ளை, ஊதா என்று ஏதாவது ஒன்று போடுவார்கள். இந்த நிறக் கணக்கு ஒரு நண்பர் வட்டத்தில் ஒரு மாதிரி, பக்கத்து வட்டத்தில் வேறு மாதிரி. அதனால் இந்த நிறம் இந்த உறவு என்று வரும் பட்டியல்களை நம்பி எதுவும் முடிவு செய்யாதீர்கள். வேலை செய்யும் இடத்தில், அதுவும் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவருக்கு, எந்த நிற இதயமும் வேண்டாம். அனுப்பியவர் மனதில் ஒன்றும் இல்லாவிட்டாலும் வாங்குகிறவருக்குச் சங்கடம், மறுத்துச் சொல்லவும் அவரால் முடியாது.

இரண்டு பேரும் ஒரே படத்தைத்தான் பார்க்கிறோமா?

எப்போதும் இல்லை. யூனிகோடு கொடுப்பது எண்ணைத்தான். அந்த எண்ணுக்கு முகம் வரைவது ஒவ்வொரு நிறுவனத்தின் வேலை. பல்லெல்லாம் தெரியும் 😁 முகம் முன்பு ஆப்பிள் போனில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது போலவும், வேறு போன்களில் மகிழ்ச்சியாகச் சிரிப்பது போலவும் இருந்தது. மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016ல் இதை ஆராய்ந்தார்கள். ஒரே நிறுவனம் வரைந்த ஒரே படத்தைக் காட்டியபோதுகூட, நான்கில் ஒரு தடவை, அது நல்ல உணர்வா, கெட்ட உணர்வா, இரண்டும் இல்லையா என்பதில் பார்த்தவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. அதே ஆண்டு ஆப்பிள் அந்த முகத்தை மாற்றி வரைந்தது. துப்பாக்கிப் படத்தைத் தண்ணீர்த் துப்பாக்கியாக அந்த நிறுவனம் மாற்றியதும் அதே ஆண்டுதான். மற்றவர்கள் மாற 2018 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் ஒருவர் விளையாட்டுக்கு அனுப்பிய பொம்மைத் துப்பாக்கி, எதிரில் இருப்பவர் போனில் நிஜத் துப்பாக்கியாகப் போய் நின்றது.

பண விஷயத்தில் 👍 போடலாமா? அது சும்மா "பார்த்தேன்" என்பதுதானே?

போடாதீர்கள். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் இதற்கு ஒரு தீர்ப்பே இருக்கிறது. 2021 மார்ச்சில் ஒரு தானிய நிறுவனம், ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அதைப் படமெடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி உறுதிசெய்யச் சொன்னது. அவர் 👍 போட்டார். நவம்பரில் விதை வரவில்லை, அதற்குள் விலையும் ஏறியிருந்தது. "ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்று சொல்லத்தான் விரல் போட்டேன், ஒப்புக்கொள்ளவில்லை" என்றார் அவர். 2023ல் நீதிமன்றம் அந்த விரலைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, 82,000 கனடா டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டிலும் 2024ல் அந்தத் தீர்ப்பு நின்றது.

இதில் நான் கவனித்தது ஒன்று உண்டு. அதே இரண்டு பேருக்கும் இடையில் முன்பு நடந்த ஒப்பந்தங்களில் அந்த விவசாயி "சரி", "ஆமாம்" என்று ஒரு சொல்லில் பதில் போட்டிருந்தார், விதையும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது. நீதிபதி அந்தப் பழக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். அந்த விரலுக்கு அர்த்தம் கொடுத்தது அவர்கள் இருவரின் பழைய பேச்சு. வீட்டிலும் இதே கதைதான். பணம், சொத்து, வேலை, மருத்துவம் எதுவானாலும் "பார்த்தேன், படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லாக எழுதுங்கள்.

தெரியாமல் அனுப்பிவிடக் கூடாத படங்கள் எவை?

கத்தரிக்காயும் 🍆 பீச் பழமும் 🍑. இரண்டுக்கும் உடலுறுப்பு சார்ந்த ஆபாசப் பொருள் ஊறிப்போய்விட்டது. 2015ல் இன்ஸ்டாகிராம், கத்தரிக்காய்ப் படத்தை ஹேஷ்டேகாகத் தேட முடியாதபடி நிறுத்திவைக்கும் அளவுக்குப் போனது. சமையல் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்றாலும் பெயரை எழுத்தில் எழுதிவிடுங்கள்.

பிள்ளைகள் அடிக்கடி போடும் வேறு சில படங்கள்?

🔥 என்றால் பிரமாதம். 🐐 ஆடு என்றால் திட்டு இல்லை, உச்சபட்சப் பாராட்டு. "எக்காலத்திலும் மிகச் சிறந்தவர்" என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆட்டைக் குறிக்கும் சொல் வரும். 🧢 தொப்பி என்றால் "புளுகாதே". 🤡 கோமாளி என்றால் முட்டாள்தனம் என்று சொல்கிறார்கள், பெரும்பாலும் தங்களைப் பற்றியே. 🫡 சல்யூட் என்றால் "உத்தரவு". இந்தப் பட்டியல் சீக்கிரம் பழசாகிவிடும், மனப்பாடம் செய்ய வேண்டாம்.

நான் நான்கு வரி எழுதினால் மகன் என் மெசேஜ் மேலேயே ஒரு ❤️ ஒட்டிவிட்டுப் போகிறான். பதில் சொல்லக்கூட நேரமில்லையா?

வாட்ஸ்அப்பில் இந்த ரியாக்‌ஷன் வசதி 2022ல் வந்தது. அவனுக்கு அது முழுப் பதில்: "படிச்சேன்பா, பிடிச்சிருந்தது". உங்களுக்கு அது, கடிதம் போட்டதற்கு வெறும் உறை திரும்பி வந்தது போல் இருக்கிறது. இரண்டு பேர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனாலும் பிள்ளைகளிடம் ஒன்று சொல்வேன். உங்கள் அப்பா அந்த நான்கு வரியைத் தட்ட பத்து நிமிடம் எடுத்திருப்பார். தப்பான எழுத்தை அழித்து, மறுபடி தட்டி, அனுப்பலாமா என்று ஒரு தடவை படித்துப் பார்த்து அனுப்பியிருப்பார். ஒரு வரியாவது எழுதுங்கள்.

அப்பா, அம்மா தப்பாகப் போடும் எமோஜியைத் திருத்தலாமா? சொன்னால் மனம் புண்படுமோ?

அவர்களுக்குச் சங்கடம் வரக்கூடிய இடத்தில் மட்டும் திருத்துங்கள்: துக்கம், ஆபாசம், அலுவலகம், பணம். மற்ற இடங்களில் விட்டுவிடுங்கள். "ஹேப்பி பர்த்டே" என்று எழுதிவிட்டு அதன் பின்னால் பூ, விமானம், ஆமை, நிலா என்று பன்னிரண்டு படங்களை அம்மா வரிசையாக வைப்பார். அதில் அர்த்தம் தேடாதீர்கள். ஒவ்வொன்றாகத் தேடித் தொட்டிருக்கிறார், அதைப் பாருங்கள்.

தெரியாமல் போடுவது வயதால் மட்டும் வருவதும் இல்லை. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டேவிட் கேமரூன், ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பிய மெசேஜ்களின் முடிவில் "எல்ஓஎல்" என்று எழுதிவந்தார், "நிறைய அன்பு" என்று அர்த்தம் என நினைத்துக்கொண்டு. உரக்கச் சிரிக்கிறேன் என்பதுதான் அது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார். அந்த ஆசிரியரே 2012ல் ஒரு விசாரணையில் இதைச் சொன்னார். கேமரூனுக்கு அப்போது 45 வயதுதான்.

இரண்டு பக்க வழக்கமும் தெரிந்தவர் யாரோ அவர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. வீட்டில் அது பெரும்பாலும் பிள்ளைகள். பாட்டியின் 🙂 உண்மையான சிரிப்பு என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் கிண்டலாகப் படிப்பது சரியில்லை.

இவ்வளவு குழப்பம் என்றால் எமோஜியே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

விட்டால் பழைய குழப்பம் திரும்பி வரும். 1982 செப்டம்பர் 19 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினிப் பேராசிரியர் ஸ்காட் ஃபால்மன், படுக்கவைத்த சிரிப்பு முகமான :-) குறியை முன்மொழிந்தார். அங்கே கணினி வழியாகப் பேசிக்கொண்டவர்கள் வேடிக்கையாக எழுதியதை மற்றவர்கள் நிஜம் என்று எடுத்துக்கொண்டு சண்டை போட்டதுதான் காரணம். முகம் தெரியாமல் எழுதுகிற இடத்தில் முகத்துக்குப் பதிலாக ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. சொல்லையும் படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.

பார்வை இல்லாதவர்களுக்கு எமோஜி எப்படிப் போய்ச் சேரும்?

திரையை வாசித்துக்காட்டும் செயலி ஒவ்வொரு படத்தின் பெயரையும் குரலில் சொல்லும். நீங்கள் எட்டு 😂 போட்டால், நீளமான அந்தப் பெயரை வரிசையாகக் கேட்டுத் தீர்த்த பிறகுதான் அடுத்த செய்திக்குப் போக முடியும். ஒன்று போதும். வாக்கியத்தின் நடுவில் வேண்டாம், முடிவில் வையுங்கள்.

தப்பான எமோஜி போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். எல்லோருக்குமாக நீக்க இரண்டு நாளுக்குச் சற்று அதிகமாக அவகாசம் உண்டு. ஆனால் நீக்கிய இடத்தில் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்ற தடம் நிற்கும். பார்த்தவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள், பார்க்காதவர்கள் என்னவோ ஏதோ என்று யோசிப்பார்கள். விளையாட்டுப் பேச்சில் என்றால் நீக்கிவிட்டு நகரலாம். துக்கத்திலோ சண்டையிலோ நடந்துவிட்டால் நீக்குவதோடு நிறுத்தாமல் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

அம்மா அன்று அந்த ஆறு முகங்களை நீக்கவில்லை. நான் விளக்கிச் சொன்னதும் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு தோழியின் மகனுக்குத் தனியாகப் பேசினார்: "தம்பி, நான் அழுகிற படம்னு நினைச்சுத்தான்பா அதை அனுப்பினேன். கண்ணு சரியாத் தெரியல. தப்பா எடுத்துக்காதப்பா." அந்த வீட்டில் எத்தனையோ வேலை இருந்திருக்கும். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது, எழுத்தில்:

"தெரியும் அத்தை."